சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் ‘புற்றுநோய்’ என்ற சொல்லில்தான் போய் நிற்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை, சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கும் குறிப்பு அதற்குச் சில வரிகள் கீழே இருக்கிறது. எடுத்த திசுவில் சிறுநீர்ப்பையின் தசை இருந்ததா, இருந்தால் அந்தத் தசைக்குள் புற்று இறங்கியிருந்ததா என்பதே அந்தக் குறிப்பு. சிறுநீர்ப்பையை முழுதாக எடுத்துவிட வேண்டுமா, அதை வைத்துக்கொண்டே சிகிச்சை செய்யலாமா என்ற கேள்வி இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

சிறுநீர்ப்பையின் சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டு போனால், முதலில் சிறுநீர் எப்போதும் பட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உட்படலம், அதன் அடியில் இரத்தக்குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு, அதற்கு அப்பால் சிறுநீரைப் பிழிந்து வெளியேற்றும் தடித்த தசை, கடைசியாகக் கொழுப்பு என்று அடுக்கடுக்காக வரும். உட்படலத்தோடு நிற்கும் கட்டியை டிஏ என்றும், இணைப்புத் திசுவை எட்டியதை டி1 என்றும், தசைக்குள் இறங்கியதை டி2 என்றும், கொழுப்பைத் தொட்டதை டி3 என்றும், பக்கத்து உறுப்புகளுக்குள் நுழைந்ததை டி4 என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் புற்று தசையை எட்டியிருப்பதில்லை. மீதிப் பேருக்கு எட்டியிருக்கும், அல்லது அதையும் தாண்டியிருக்கும். இரு தரப்பினருக்கும் நோயின் பெயர் ஒன்றாக இருப்பதால், ஒருவருடைய அனுபவத்தை இன்னொருவர் தனக்குப் பொருத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் பையை எடுக்காமலே பத்து வருடம் நன்றாக இருந்தார் என்பது உண்மையாக இருக்கலாம். அவருடைய புற்று எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாதவரை அந்தத் தகவலால் பயன் ஒன்றும் இல்லை.

அறிக்கையில் அந்த வரி தெளிவாக வர வேண்டுமென்றால் முதல் அறுவை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். டியுஆர்பிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அறுவையில் வயிற்றைத் திறப்பதில்லை. சிறுநீர் வெளியேறும் வழியாகவே குழாய் போன்ற கருவியைச் செலுத்தி, அதன் முனையில் உள்ள, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைத் துண்டு துண்டாகச் சீவி எடுக்கிறார்கள். இது நோயறியும் பரிசோதனையாகவும் சிகிச்சையின் முதல் படியாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது. கட்டிக்கு அடியில் உள்ள தசையையும் சேர்த்துச் சீவாவிட்டால், நோயியல் மருத்துவர் ‘மாதிரியில் தசை காணப்படவில்லை’ என்றுதான் எழுத முடியும். தசை பார்க்கக் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். தசையில் புற்று இல்லை என்று அதைப் படித்துவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது. இப்படி வந்தாலும், டி1 என்று வந்தாலும், இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்குள் அதே இடத்தில் மறுபடி சீவிப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. ‘எல்லாம் எடுத்தாயிற்று என்றீர்களே, மறுபடி எதற்கு?’ என்று நோயாளிகள் கேட்பது நியாயம்தான். ஆனால் இரண்டாவது முறை பார்க்கும்போது கணிசமானோருக்கு மிச்சக் கட்டி கிடைக்கிறது. சிலருக்கு அது தசைக்குள்ளேயே இருப்பது அப்போதுதான் தெரிய வருகிறது. இந்த இரண்டாவது அறுவையைத் தவிர்த்துவிட்டு எடுக்கப்படும் எந்த முடிவும், எந்தப் பக்கம் எடுத்தாலும், அரைகுறைத் தகவலின் மேல் நிற்கும் முடிவே.

தசையை எட்டாத, லோ கிரேடு என்று சொல்லப்படும் மெதுவாக வளரும் கட்டிகளுக்குப் பையை எடுக்கும் பேச்சே எழுவதில்லை. அவை திரும்பத் திரும்ப முளைக்கலாம். சீவி எடுத்து, தேவையானால் பைக்குள் கீமோதெரபி மருந்தை ஊற்றி, காலாகாலத்தில் சிஸ்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவைச் செலுத்திப் பையின் உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்து பார்த்துக்கொண்டே வரலாம். தொந்தரவான நோய்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது.

தசையை எட்டாத, ஆனால் எட்டக்கூடிய புற்று

உண்மையான தடுமாற்றம் வேகமாக வளரும் ஹை கிரேடு புற்றில் தொடங்குகிறது. டி1 நிலையில் உள்ள ஹை கிரேடு கட்டியும், சிஐஎஸ் எனப்படும், கட்டியாக எழும்பாமல் உட்படலத்தில் தட்டையாகப் படரும் வகையும் இதில் அடங்கும். சிஐஎஸ் பார்வைக்கு வெறும் சிவந்த வெல்வெட் துணி போலத்தான் தெரியும், சில நேரம் எதுவுமே தெரியாது. ஆனால் அது எப்போதும் ஹை கிரேடு வகையே.

இவர்களுக்கான முதல் சிகிச்சை பிசிஜி. காசநோய்த் தடுப்பூசியாக 1921-லிருந்து மனிதர்களுக்குத் தரப்படும் அதே உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிதான் இது. 1976-இல் அல்வாரோ மொராலெஸ் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் இதைச் செலுத்தி, கட்டிகள் திரும்ப வருவது குறைந்ததாகப் பதிவு செய்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. இன்னும் இதை முழுதாக ஓரங்கட்டும் மருந்து வரவில்லை. கிருமி பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தூண்ட, அங்கே ஓடி வரும் நோயெதிர்ப்பு அணுக்கள் புற்று அணுக்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. மெல்லிய குழாய் வழியே மருந்தை ஏற்றி, இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருந்து, பிறகு வெளியேற்ற வேண்டும். வாரம் ஒன்றாக ஆறு வாரம் தொடக்கச் சிகிச்சை. அதன்பின் 3, 6, 12, 18, 24, 30, 36-ஆவது மாதங்களில் மூன்று வாரங்கள் வீதம் பராமரிப்புச் சிகிச்சை. எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதல், காய்ச்சல், சில நேரம் சிறுநீரில் இரத்தம் ஆகியவை பெரும்பாலோர் அறிந்த தொல்லைகள். அரிதாகக் கிருமி இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் தொற்றாகலாம். மூன்று ஆண்டு அட்டவணையைக் கடைசிவரை முடிப்பவர்கள் குறைவு. போதாக்குறைக்கு, உலகில் இந்த மருந்தைத் தயாரிப்போர் சிலர்தான் என்பதால் தட்டுப்பாடு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது.

பிசிஜி பலன் தராதபோது என்ன செய்வது என்பதில்தான் பையை எடுக்கும் பேச்சு முதன்முதலாக அழுத்தமாக எழுகிறது. ‘பலன் தரவில்லை’ என்று சொல்வதற்கும் ஒரு வரையறை உண்டு: தொடக்கத்தின் ஆறு தவணைகளில் குறைந்தது ஐந்தும், அதன்பின் குறைந்தது இரண்டும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டவரிடம் மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. அவர் மருந்தை முழுதாகப் பெறவில்லை, அவ்வளவுதான். போதுமான அளவு பெற்ற பிறகும் ஹை கிரேடு புற்று நிற்கிறது அல்லது சீக்கிரமே திரும்புகிறது என்றால், உடல் தாங்கக்கூடியவர்களுக்குச் சிறுநீர்ப்பையை அகற்றுவதே வழிகாட்டுதல்கள் முன்வைக்கும் முதல் தெரிவு.

இந்த இடத்தில் கடந்த சில ஆண்டுகளில் புதிய மருந்துகள் வரிசையாக வந்திருக்கின்றன. அவற்றின் எண்களைப் படிக்கும் முறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த பெம்ப்ரோலிசுமாப், நரம்பு வழியே ஏற்றப்படும் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்றின் மேல் திருப்பிவிடும் மருந்து. ஆய்வில் 41 சதவீதத்தினருக்குச் சிஐஎஸ் முழுதாக மறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி மறைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஓராண்டு அல்லது அதற்கு மேல் பலன் நீடித்தது. இரண்டையும் பெருக்கினால், மருந்து எடுத்த ஐந்து பேரில் ஒருவர் என்ற கணக்கு வருகிறது. 2025-இல் அனுமதி பெற்ற டார்-200 என்பது பைக்குள் வைக்கப்படும் சிறு கருவி. ஜெம்சிடபின் என்ற கீமோதெரபி மருந்தை வாரக்கணக்கில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதில் 82 சதவீதத்தினருக்குப் புற்று மறைந்தது. அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் ஓராண்டுக்கு நீடித்தது. ஆக மொத்தம் ஐந்தில் இருவர். இடையே 2022-இல் வந்த, மரபணுவை வைரஸ் வழியே செலுத்தும் நாடோஃபராஜீனும், 2024-இல் வந்த, பிசிஜியோடு சேர்த்துத் தரப்படும் நோகாபென்டெகின் ஆல்ஃபாவும் இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கின்றன. இவற்றையெல்லாம் விட மலிவான, ஜெம்சிடபினையும் டோசிடாக்சலையும் அடுத்தடுத்துப் பைக்குள் ஊற்றும் முறையும் பரவலாகப் பயன்படுகிறது. வெவ்வேறு ஆய்வுகளில் வெவ்வேறு நோயாளிகள் இருந்ததால், எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து இது பெரிது, அது சிறிது என்று சொல்வது முறையல்ல. செய்தித் தலைப்புகளில் வருவது எப்போதும் முதல் எண். நோயாளிக்குத் தேவைப்படுவது பெருக்கி வரும் இரண்டாவது எண்.

இங்கேதான் இந்த முடிவின் உள்ளே இருக்கும் சிக்கல் தெரிகிறது. எடுத்துவிட்ட சிறுநீர்ப்பையை மறுபடி வைக்க முடியாது. அது ஒரு பக்கம். மறுபக்கம், புற்று தசைக்குள் இறங்கி நிணநீர் முடிச்சுகளுக்கு ஓடிவிட்டால் அதையும் பின்னுக்கு இழுக்க முடியாது. தசையை எட்டும் முன்பே பையை எடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கழித்தும் இந்தப் புற்றால் இறக்காமல் இருக்கிறார்கள். பைக்குள் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே தசைக்கு முன்னேறிவிட்டவர்களின் நிலை, முதல் நாளே தசைப் புற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை விடவும் மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இன்னொரு மருந்தை முயன்று பார்க்கலாம் என்று நோயாளி சொல்லும்போது, மருத்துவரின் மனத்தில் ஓடுவது அந்த மருந்து பலன் தருமா என்ற கேள்வி மட்டுமில்லை. பலன் தராவிட்டால் அது நமக்கு எத்தனை மாதம் கழித்துத் தெரியும், அதற்குள் என்ன நடந்திருக்கும் என்பதும்தான். ஒரு முயற்சி, அதற்குப் பின் மூன்று மாதத்தில் கறாரான பரிசோதனை என்பது பெரும்பாலும் நியாயமான ஏற்பாடு. மூன்றாவது, நான்காவது மருந்து என்று நழுவிக்கொண்டே போவது அப்படியல்ல. பெரிய டி1 கட்டியும் சிஐஎஸ்ஸும் சேர்ந்திருப்பவர்கள், புற்று இரத்தக்குழாய்களுக்குள் புகுந்திருப்பவர்கள், நுண்ணோக்கியில் ஆபத்தான உருவமைப்பு காணப்பட்டவர்கள் ஆகியோரிடம் பிசிஜி தொடங்கும் முன்பே பையை எடுப்பது பற்றிப் பேச வேண்டும் என்று ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

தசைக்குள் இறங்கிய பிறகு

புற்று தசைக்குள் போய்விட்டது, வேறெங்கும் பரவவில்லை என்றால், நீண்டகாலமாக நிலைத்த விடை கீமோதெரபியும் அதைத் தொடர்ந்து சிறுநீர்ப்பை நீக்கமும்தான். அறுவைக்கு முன் கீமோதெரபி எதற்கு என்பதற்கு 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதில் சொன்னது. 307 பேரில் நேரடியாக அறுவைக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது அவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 46 மாதங்கள். சிஸ்பிளாட்டின் அடங்கிய கீமோதெரபிக்குப் பின் போனவர்களுக்கு 77 மாதங்கள். கீமோதெரபி எடுத்தவர்களில் 38 சதவீதத்தினரின் பையை வெளியே எடுத்து ஆராய்ந்தபோது அதில் புற்றே மிச்சமில்லை. 2024-இல் வெளியான நயாகரா ஆய்வு, இதே கீமோதெரபியோடு டுர்வலுமாப் என்ற இம்யூனோதெரபியையும் அறுவைக்கு முன்னும் பின்னும் சேர்த்தபோது, இரண்டாண்டு முடிவில் உயிரோடிருப்போர் 75.2 சதவீதத்திலிருந்து 82.2 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. சிறுநீரகம் பலவீனமானவர்கள், காது கேட்பதில் குறை உள்ளவர்கள், கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு சிஸ்பிளாட்டின் தர முடியாது. வயதானவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு, புற்று அணுவைத் தேடிப்போய் மருந்தைச் சேர்க்கும் என்ஃபார்ட்டுமாப் வெடோட்டினும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்ந்த சிகிச்சை இப்போது ஒரு வழியைத் திறந்திருக்கிறது.

ஆனால், வெளியே எடுத்த பையில் புற்றே இல்லை என்ற அந்த 38 சதவீதத்தைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: அப்படியானால் அந்தப் பையை எடுத்திருக்கவே வேண்டாமே? கேள்வி சரி. சிக்கல் என்னவென்றால், பை உள்ளே இருக்கும்போது அதில் புற்று அறவே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் கருவி நம்மிடம் இல்லை. ஸ்கேனில் எதுவும் தெரியாது, சிஸ்டோஸ்கோப்பியில் வடு மட்டும் தெரியும், சிறுநீரில் புற்று அணு இருக்காது. ஆனாலும் பையை எடுத்து வெட்டிப் பார்த்தால் சிலருக்குச் சுவரின் ஆழத்தில் மிச்சம் இருக்கும். மருந்திலேயே முழுதாக மறைந்தவர்களை அறுவையின்றி விட்டுப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. 2023-இல் வெளியான அப்படிப்பட்ட ஒன்றில் 76 பேரில் 33 பேருக்குப் பரிசோதனைகளில் புற்று எதுவும் தெரியவில்லை. ஒருவர் தவிர மற்ற அனைவரும் உடனடி அறுவை வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். நம்பிக்கை தரும் வழிதான், ஆனால் இன்னும் ஆய்வுகளுக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆய்வுக்கு வெளியே, இன்றைக்கே கிடைக்கும் மாற்று வழி கதிர்வீச்சு. மும்முனைச் சிகிச்சை என்று அழைக்கப்படும் இதில், கட்டியை இயன்றவரை முழுதாகச் சீவி எடுத்து, பிறகு நான்கிலிருந்து ஆறரை வாரங்கள் கதிர்வீச்சும், அதன் வீரியத்தைக் கூட்டக் குறைந்த அளவு கீமோதெரபியும் தருகிறார்கள். 2012-இல் வெளியான பிரிட்டனின் பிசி2001 ஆய்வில், 360 பேரில் வெறும் கதிர்வீச்சு பெற்றவர்களில் 54 சதவீதத்தினரும், கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 சதவீதத்தினரும் இரண்டாண்டு முடிவில் இடுப்புப் பகுதியில் புற்று திரும்பாமல் இருந்தார்கள். அந்த ஆய்வில் பயன்பட்ட கீமோதெரபி மருந்துகள் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் தரக்கூடியவை என்பது சிறிய விஷயமில்லை.

இது அறுவைக்கு ஈடாகுமா? நேரடியாக மோதவிட்டுப் பார்க்க பிரிட்டனில் ஸ்பேர் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது. குலுக்கல் முறையில் ஒருவருக்கு அறுவை, மற்றவருக்குக் கதிர்வீச்சு என்பது திட்டம். 45 பேர் மட்டுமே சேர்ந்த நிலையில் அது மூடப்பட்டது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சிறுநீர்ப்பை போகுமா இருக்குமா என்பதைக் குலுக்கலிடம் ஒப்படைக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அதனால் இன்றுவரை இந்தக் கேள்விக்குச் சுத்தமான விடை இல்லை. கிடைப்பதில் சிறந்தது 2023-இல் வட அமெரிக்காவின் மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீடு. அறுவை செய்துகொண்ட 440 பேரையும் மும்முனைச் சிகிச்சை பெற்ற 282 பேரையும், வயது, கட்டியின் நிலை முதலியவற்றில் புள்ளியியல் முறையில் சமன்படுத்திப் பார்த்தபோது, ஐந்தாண்டு முடிவில் புற்று வேறிடம் பரவாமல் இருந்தோர் முறையே 74, 75 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். மும்முனைச் சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்குப் பின்னாளில் எப்படியும் பையை எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு கட்டி, 7 செ.மீ.க்குள், இரு சிறுநீரகங்களும் அடைப்பால் வீங்கியிருக்கக் கூடாது, பை முழுவதும் சிஐஎஸ் படர்ந்திருக்கக் கூடாது, பை இப்போதும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் வருபவர்களை மட்டும்தான் அந்த ஒப்பீடு சேர்த்துக்கொண்டது. தசைப் புற்று உள்ளவர்களில் ஒரு பகுதியினரே இதற்குள் வருவார்கள். அரை மணிக்கொரு முறை ஓட வைக்கும், சுருங்கிப்போன சிறுநீர்ப்பையை அரும்பாடுபட்டுக் காப்பாற்றி, கதிர்வீச்சால் அதை இன்னும் சுருங்க வைப்பதில் அர்த்தமில்லை. அதேபோல, கதிர்வீச்சு பட்ட இடத்தில் பிறகு அறுவை செய்வது கடினம். திசுக்கள் இறுகி ஒட்டிக்கொள்ளும், காயம் ஆற நாளாகும், குடலில் புதுப் பை கட்டும் வாய்ப்பும் பெரும்பாலும் கைவிட்டுப்போகும். மறுபுறம், தகுதி இருந்தும் இந்த வழியைப் பற்றிக் கேள்விப்படாமலே அறுவை மேசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவை மருத்துவர் அறுவையைத்தான் முதலில் சொல்வார், கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சைத்தான் சொல்வார். அது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, அவரவர் தினமும் பார்க்கும் நோயாளிகளின் விளைவு. கட்டி இந்த நிபந்தனைகளுக்குள் வருமானால், இருவரையும் பார்த்துப் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

எடுத்த பிறகு வாழ்க்கை

சிறுநீர்ப்பை நீக்கம் என்று பெயர் இருந்தாலும் எடுக்கப்படுவது பை மட்டுமில்லை. ஆண்களுக்கு புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் சேர்ந்து போகும். பெண்களுக்குப் பல நேரங்களில் கருப்பை, சினைப்பைகள், யோனியின் முன்சுவரில் ஒரு பகுதி ஆகியவையும். இடுப்பின் இருபுறமும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். பெண்களில் இவற்றைத் தேவையின்றி எடுக்காமல் விடும் முறை இப்போது வளர்ந்திருக்கிறது. அறுவைக்கு முன்பே கேட்டால்தான் அது பேசப்படுகிறது. ரோபாட் வழியா, வயிற்றைத் திறந்தா என்பதில் புற்றைக் கட்டுப்படுத்தும் அளவில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ரோபாட்டில் இரத்த இழப்பு குறைவு. அதைவிட முக்கியம், அந்த மருத்துவரும் மருத்துவமனையும் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார்கள் என்பது.

பெரிய அறுவை இது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் போன்ற அனுபவம் மிக்க இடத்திலேயே, 90 நாட்களுக்குள் ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் 64 சதவீதம் என்று அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி குடல் சில நாள் இயங்காமல் நிற்பது, தொற்று போன்றவை. ஆனால் 13 சதவீதத்தினருக்கு அது மறு அறுவை போன்ற தீவிரத் தலையீடு தேவைப்படும் அளவுக்குப் போனது.

சிறுநீர் இனி எங்கே போகும்? பெரும்பாலோருக்குச் செய்யப்படுவது, 1950-இல் யூஜின் பிரிக்கர் பரவலாக்கிய முறை. சிறுகுடலில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான துண்டை வெட்டி, அதில் இரு சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களை இணைத்து, மறுமுனையை வயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்தச் சிவந்த, ஈரமான மொட்டுப் போன்ற ஸ்டோமாவின் மேல் ஒட்டிய பையில் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வயிற்றில் எங்கே அமைகிறது என்பது கடைசியில் எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிடுகிறது. அறுவைக்கு முந்தைய நாள் ஸ்டோமா செவிலியர் நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, இடுப்புத் துணி எங்கே கட்டுகிறார், தோல் எங்கே மடிகிறது, அவர் கண்ணுக்கு அந்த இடம் தெரிகிறதா என்று பார்த்து, பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். மடிப்புக்குள் அமைந்த ஸ்டோமாவில் பை ஒட்டாது. இரவெல்லாம் கசிந்து தோலைப் புண்ணாக்கும். அந்தப் பேனாப் புள்ளிக்குச் செலவாகும் பதினைந்து நிமிடம் பல ஆண்டுகளின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு முறையில், 50 முதல் 60 செ.மீ. வரையான சிறுகுடலை விரித்து உருண்டையாகத் தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே பொருத்தி, இயல்பான வழியோடு இணைக்கிறார்கள். வெளியே பை எதுவும் இருக்காது. இதனாலேயே பலரும் இதையே விரும்புகிறார்கள். ஆனால் குடலுக்கு, தான் நிறைந்துவிட்டேன் என்று சொல்லத் தெரியாது. அலாரம் வைத்து, முதல் மாதங்களில் இரவிலும் இரண்டு மூன்று முறை எழுந்து, வயிற்றை முக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பழக வேண்டும். பகலில் கட்டுப்பாடு பெரும்பாலோருக்கு வந்துவிடும். உறக்கத்தில் கசிவது பலருக்கு நிரந்தரமாக இருக்கும். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களில் கணிசமானோருக்கு, எதிர்மாறாகச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் நின்றுவிடும். அவர்கள் தினமும் தாங்களே குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டும். குடல் தன் வேலையையும் விடாது: சளியைச் சுரக்கும், சிறுநீரிலிருந்து அமிலத்தை மறுபடி உறிஞ்சி இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஒத்துவராது. கை நடுக்கம் உள்ளவர், பார்வை குறைந்தவர், வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாதவர் ஆகியோருக்கு வெளிப்பையே பல நேரம் சுதந்திரமான தெரிவு.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களின் தளர்ச்சி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நீங்கிவிடும். நடமாட்டம், மனநிலை, அன்றாட வேலை ஆகியவற்றில் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பாத ஒன்று பாலுறவு. ஆண்களில் பெரும்பாலோருக்கு விறைப்புத்தன்மை பாதிக்கப்படும், நரம்புகளைக் காப்பாற்றி அறுத்தாலும் உத்தரவாதம் இல்லை. பெண்களுக்கு யோனி சுருங்குவதும் வலியும் வரும். மருத்துவ அறையில் குடும்பத்தினர் நிறைந்திருக்கும்போது இதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆகவே மருத்துவரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வயதை ஒரு தடைக்கோடாக எடுத்துக்கொள்வதும் தவறு. இந்தப் புற்று எழுபதுகளில்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. எண்பது வயதிலும் மாடிப்படி ஏறி இறங்குபவர் அறுவையைத் தாங்கலாம்; அறுபதிலேயே இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர் தாங்காமல் போகலாம். புகைப்பவர் இன்றே நிறுத்த வேண்டும் என்பதில் அறுவை, கதிர்வீச்சு என இரு தரப்பு மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் புற்றின் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம்.

யோசிக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. கீமோதெரபி இல்லாமல் நேரடியாக அறுவைக்குப் போவதானால், தசைப் புற்று உறுதியானதிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களின் ஆயுள் குறைவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இரண்டாவது கருத்துக் கேட்கவும், பயாப்ஸி கண்ணாடித் தகடுகளை வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டவும் அதற்குள் தாராளமாக இடம் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் மருத்துவமனைக்குப் போய்வருவது நிற்காது. பையை வைத்துக்கொண்டவருக்கு முதல் இரண்டாண்டுகள் மூன்று மாதத்துக்கொரு முறை சிஸ்டோஸ்கோப்பி, பிறகு இடைவெளி விட்டு ஆண்டுக்கணக்கில். எடுத்தவருக்கு அவ்வப்போது ஸ்கேனும், சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையும், குடலின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டதால் மெல்லக் குறைந்துகொண்டே வரும் பி12 வைட்டமினின் அளவும்.